மஞ்சள் நகல்

ஏற்காடு
ஞாயிறு இரவு

அன்புள்ள மலருக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை விட்டதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மிளகு இந்த வருஷம் நல்ல சரம் பிடித்திருக்கிறது. மற்ற கதையெல்லாம் அம்மா போனில் சொல்லிவிடுவாள். நான் சொல்ல வேண்டியது போனில் வரமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் கடுதாசி.

போன ஞாயிறு நிலா என்னிடம், "தாத்தா, எம்பீட் பெரிய ப்ளேயரா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே புகுந்து, "கப்பு ஜெயிச்ச மோதிரம் ஒண்ணு உண்டா அவன் கையில? முக்கியமான மேட்ச்ல போடாதவன் மத்த நாள்ல எத்தனை போட்டாலும் அது கணக்குல சேராது" என்றாய். ஃபிலடெல்பியாவில் இத்தனை வருஷம் இருந்து, எம்பீட் ஆடுகிற அந்த ஊர் பாஸ்கெட்பால் அணிக்காகக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள் நீ. உன் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அது நான் சொன்னது, கண்ணு. எங்கே வைத்துச் சொன்னேன் என்று உனக்கும் தெரியும். அதற்கு வருகிறேன்.

முதலில் எம்பீட். 2019 மே மாதம், லீக் முடிந்து வருகிற ப்ளேஆஃபில் டொரான்டோவுடன் ஏழாவது, கடைசி ஆட்டம். ஸ்கோர் 90-90, கடைசி நொடி. மூலையிலிருந்து டொரான்டோவின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து, எம்பீட் நீட்டிய கைக்கு மேலாகப் போய், ரிங்கின்மேல் நாலு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. எம்பீட் அழுதுகொண்டே போன வீடியோவை அன்றைக்கு நீதான் அனுப்பினாய். நான் ரிட்டயர் ஆன பிறகு அந்த ஆட்டத்தை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். எம்பீட் 45 நிமிஷம் ஆடியிருக்கிறார். அந்த 45 நிமிஷக் கணக்கை மட்டும் எடுத்தால் உங்கள் அணி 10 பாயிண்ட் முன்னால். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்த நேரம் மூன்று நிமிஷம்கூட நிறையாது, அதற்குள் 12 பாயிண்ட் போய்விட்டது. தோற்றது 2 பாயிண்டில். ஜெயித்த லெனர்ட் அன்று 39 தடவை எறிந்து 23ஐத் தவறவிட்டார். பந்து வெளியே துள்ளியிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அங்கே தோற்றிருந்தால் டொரான்டோக்காரர்கள் இன்றுவரை அந்த 23ஐத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அதற்காக எம்பீட்மேல் குறையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. 2023ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய அதே மாதத்தில், பாஸ்டனுடன் ஏழாவது ஆட்டத்தில், எறிந்தது 18, விழுந்தது 5. அன்றைக்கு அவர் ஆடவில்லை. ஆடாத நாளை ஆடாத நாள் என்று சொல்லத்தான் வேண்டும்.

ரசிகர்கள் ப்ளேஆஃபை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. லீக்கில் 82 ஆட்டம், இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். யாருக்கும் யாரையும் உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை. ப்ளேஆஃபில் அதே அணி, அதே ஆள், நாலு வெற்றி வரும்வரை விடமாட்டார்கள். நம் டீம் பிள்ளைகளிடம் நான் சொல்வேனே, ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் போடுகிற லே-அப் இடது கையில் வராததை முதல் மேட்சில் மறைத்துவிடலாம், மூன்றாவது மேட்சில் உன் வலது பக்கத்தையே அடைத்துவிடுவார்கள் என்று. அங்கே அப்படி நாலு சுற்று தாண்டவேண்டும், 16 ஆட்டம் ஜெயிக்கவேண்டும். ஓட்டை இருந்தால் தெரிந்தே தீரும்.

டாலஸ் அணியின் டிர்க் நோவிட்ஸ்கிக்கு அதுதான் நடந்தது. இந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2006 இறுதிச் சுற்றில் டாலஸ் 2-0 என்று முன்னால் இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் 3.4 நொடி மிச்சம், டாலஸ் 2 பாயிண்ட் பின்னால், எதிராளியின் ஃபவுலுக்காக நோவிட்ஸ்கிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். அந்த வருஷம் பத்துக்கு ஒன்பது போட்டவர். முதலாவது விழுந்தது, இரண்டாவது விழவில்லை. அதற்குப் பிறகு டாலஸ் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை, கப்பு மயாமிக்குப் போனது. அடுத்த வருஷம் டாலஸ் 67 ஆட்டம் ஜெயித்துவிட்டு, எட்டாவது இடத்தில் உள்ளே வந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. எதிரணிக் கோச் டான் நெல்சன், டாலஸில் அவரை வளர்த்துவிட்ட அதே கோச். இவருக்கு எது பிடிக்காது என்று அவருக்குத் தெரியாதா? உயரம் குறைந்த, வேகமான ஆட்களை ஒட்டிக்கொள்ளச் சொன்னார். கடைசி ஆட்டத்தில் 13 எறிந்து 2 விழுந்தது. வெளியேறி இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், அது லீக் ஆட்டத்துக்கான விருது என்பதால். அந்த மேடையில் ஒரு மனுஷன் எப்படி நின்றிருப்பான் என்று நினைத்தாலே எனக்கு மனசு பிசைகிறது. மென்மையானவன், கடைசி நேரத்தில் ஆகமாட்டான் என்று அவருக்கு ஒரு பேர் ஒட்டிக்கொண்டது. நாலு வருஷம் அது போகவில்லை.

2011ல் ஓக்லஹோமாவுடன் ஒரே ஆட்டத்தில் 24 ஃப்ரீ த்ரோ, 24ம் விழுந்தது. இறுதிச் சுற்று மறுபடியும் மயாமியுடன். முதல் ஆட்டத்தில் இடது கை நடுவிரல் தசைநார் கிழிந்தது, அடுத்த ஆட்டத்தை அதே இடது கையால் லே-அப் போட்டு முடித்தார். நாலாவது ஆட்டத்தில் நல்ல காய்ச்சல். ஆறாவது ஆட்டத்தில் கப்பு வந்தது, விசில் அடிப்பதற்குள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். ஊரே கொண்டாடியது, பழைய பேர் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. ஆனால் அந்த ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியைப் பார், மலரு. 12 எறிந்து விழுந்தது ஒன்றே ஒன்று. அணியைக் கைபிடித்துக் கூட்டிப்போனது ஜேசன் டெரி, அவர் போட்டது 27. டெரி அன்றைக்கு ஆடவில்லை என்றால் நோவிட்ஸ்கியை என்ன பேசியிருப்பார்கள்? 2007லும் 2011லும் ஒரே மனுஷன்தான், ஒற்றைக் காலில் பின்னால் சாய்ந்து எறிகிற அதே கைதான். அதே தொடரில் மயாமியின் லெப்ரான் ஒரு ஆட்டத்தில் 8 பாயிண்டோடு நின்றார். அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், மறுவருஷம் கப்பு ஜெயித்ததும் அவருக்கும் மாலை விழுந்தது.

இது அமெரிக்காக்காரர்கள் புத்தி என்று நினைக்காதே. நம் ஜில்லாப் பையன் மாரியப்பன் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினபோது இங்கே ஆனந்தக் கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம், எட்டு வருஷம் அந்த உயரத்திலேயே நிற்பதற்கு என்ன பாடு பட்டிருக்கவேண்டும்! டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இந்தத் தடவை வெண்கலம்தானா?" என்றார். நல்ல மனுஷர்தான். எனக்கு டீ இறங்கவில்லை.

இந்தியானா அணியின் ஹாலிபர்ட்டன் கதை மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 2025 ஏப்ரலில் ஆட்டக்காரர்களிடமே பேர் போடாமல் ஓட்டு வாங்கினார்கள், தகுதிக்கு மீறின பேர் யாருக்கு என்று. அதிக ஓட்டு அவருக்குத்தான் விழுந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் கடைசி நொடிகளில் ஆட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டார். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தபோது மிச்சம் இருந்தது 0.3 நொடி. ஏழாவது ஆட்டத்தை நானும் அம்மாவும் திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தோம். முதல் குவார்ட்டரிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்து, தரையைக் கையால் அடித்தார். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ சாமி" என்று எழுந்தே விட்டாள். இந்தியானா தோற்றது. ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பற்றி அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரசிகனுக்குக் கப்பைத் தாண்டியும் பார்க்கத் தெரிகிறது என்று அன்றைக்கு நம்பினேன்.

எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

2006, காந்தி ஸ்டேடியம், மாவட்ட ஃபைனல். நாம் தோற்றது 41-40. நாலு நொடி இருக்கும்போது உனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் ரிங்கின் முன்பக்கம் பட்டுத் திரும்பியது. வழக்கமாகச் சேலத்துக்கு வந்தால் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பேன். அன்றைக்கு வாங்கவில்லை, நேரே பஸ் ஏற்றிவிட்டேன். நீ ஜன்னலோரம் பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் உனக்கு முன் சீட். அடிவாரம் தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறுகிறது, ஒரு பிள்ளையும் பேசவில்லை. பதினோராவது வளைவில் எதிரே லாரி வந்து பஸ் நின்றது. அந்த அமைதியில், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஃபைனல்ல போடாதவ மத்த நாள் எத்தனை போட்டாலும் அது கணக்குல சேராது" என்றேன். எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். மிச்சம் ஒன்பது வளைவு. அதற்கப்புறம் உன்னைக் "கடைசியில கை நடுங்குறவ" என்று கூப்பிட்டார்கள். காலேஜில் நீ பந்தையே தொடவில்லை. படிப்பு அதிகம் என்று நீ சொன்னதை நான் சௌகரியமாக நம்பிக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். பழைய விசில், சர்டிபிகேட்டுகள், அடியில் அந்த மேட்சின் ஸ்கோர் ஷீட். தோற்ற அணிக்குக் கொடுக்கிற மஞ்சள் நகல். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, கார்பன் எழுத்து மட்டும் தெளிவு. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். நாலாவது குவார்ட்டர் தொடங்கும்போது அவர்கள் 36, நாம் 25. முடியும்போது 41, 40. அந்த 15 பாயிண்டில் 13க்குப் பக்கத்தில் உன் நம்பர் 9. ஆட்டத்தின் நடுவில் போட்ட ஃபீல்டு கோலுக்குச் சாய்ந்த கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு அடைத்த புள்ளி. 9, 9, 9, ஒரே ஒரு 7, மறுபடியும் 9, 9. மொத்தம் 23 நீ போட்டது. அதை அன்றைக்கு நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

விழாத பந்துக்கு அந்தத் தாளில் குறி கிடையாது. உன் கடைசி இரண்டு ஃப்ரீ த்ரோவும் அதில் இல்லை. 40க்குக் கீழே காலியாக இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். மாற்று ஆட்டக்காரிகள் ஏழு பேர் பெயர் எழுதியிருக்கிறது, ஒருத்திக்கும் உள்ளே இறங்கிய குறி இல்லை. 40 நிமிஷமும் அதே அஞ்சு பேரை ஓடவிட்டிருக்கிறேன். கால் ஓய்ந்தால் பந்து குட்டையாகும், ரிங்கின் முன்பக்கம்தான் படும். இதை முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உன் கை நடுங்கவில்லை, கண்ணு. உன் காலில் தெம்பு மிச்சமில்லை. உட்காரவைத்து இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கவிடாதது நான். தோற்ற கோபத்துக்கு எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, கைக்கெட்டின தூரத்தில் நீ இருந்தாய். நான் செய்தது தப்பு. பத்தொன்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு சொல்கிறேன், அதுவும் தப்புதான்.

நிலாவிடம் தாத்தா சொன்னதாகச் சொல், எம்பீட் பெரிய ப்ளேயர். அவளுடைய அம்மாவும்.

அந்த மஞ்சள் நகலைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, நீ மே மாதம் வரும்போது கையில் தருகிறேன். பழைய கிரவுண்டுக்கு நேற்றுப் போய்ப் பார்த்தேன். சிமென்ட் தரையில் பாசி, ஒரு போர்டு சாய்ந்துவிட்டது, மற்றொன்று நன்றாக நிற்கிறது. வலைதான் இல்லை. சேலத்தில் வாங்கி வந்துவிட்டேன். பன்னிரண்டு கொக்கி, மழை வெறித்திருந்தால் நாளைக் காலையில் ஏணி வைத்து மாட்டவேண்டும்.

அன்புடன்
அப்பா