பாய் ஒன்று போதும்: கடலூர் மாவட்ட நூலகர்களுக்கும் வாசகர் வட்டத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நூலகர்களுக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் கடலூரில் கடலோரக் குப்பம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரசு அங்கன்வாடி என்றுதான் எழுதும். ஊருக்குள் கடைசிவரை அது பால்வாடிதான், நான் பால்வாடி டீச்சர்தான். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பக்கத்து நூலகத்தில் போய்க் கேட்டு, மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் கதை சொல்லி வருகிறேன். இப்போது உங்களில் சிலர், "எங்கள் நூலகத்திலும் தலைப்பு வைத்துக் கதை நேரம் நடத்தலாமா, எப்படித் திட்டம் போடுவது?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் எனக்கு நேர்ந்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த நூலகம் என்பது வேண்டாம். நவம்பர் 14. குழந்தைகள் தினமும் தேசிய நூலக வாரத்தின் முதல் நாளும் ஒன்றாக வருவதால், எல்லோருக்கும் சின்னப் பிள்ளைகளின் நினைவு வரும் நாள் அது. வாசலில் பேனர், உள்ளே நாற்பது பிள்ளைகள். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு. என் கைக்கு மைக் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். முன்வரிசையில் ஒரு குழந்தை ஈரப் பாவாடையோடு அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதில் மும்முரம். எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு 'சுற்றுச்சூழலைக் காப்போம்'. என்ன கதை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. போட்டோ மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஆகவே என் முதல் வேண்டுகோள், இதை விழாவாக்காதீர்கள். மைக், மேடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். தரையில் ஒரு பாய், பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்த ஒரு ஆள், நாலைந்து படப்புத்தகங்கள், அரை மணி நேரம். ஆனால் அது வாராவாரம் நடக்க வேண்டும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. பார்த்து மலைத்துப்போக வேண்டாம், நம் கிளை நூலகத்துக்குப் பாய் போதும்.

எந்தக் கிழமை? ஞாயிறு காலை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆளே வரவில்லை. ஊரே மீன் வாங்கும் நாள் ஞாயிறு. எங்கள் குப்பத்துப் பெண்கள் விடியலில் கூடையோடு கிளம்பினால் மதியம்தான் திரும்புவார்கள். பிள்ளையைக் கூட்டிவர யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மாற்றினேன், கூட்டம் வந்தது. இரண்டாம் சனி நூலகத்துக்கு விடுமுறை என்பதால் மாதத்தில் மூன்று சனி கிடைக்கும், சில மாதம் நான்கு. உங்கள் ஊர் நெல்லிக்குப்பமோ நெய்வேலியோ, அங்கே அம்மாக்களுக்கு எந்த நேரம் ஓய்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிழமையை முடிவு செய்யுங்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். மாதம் ஒரு தலைப்பு என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று சனிக்கிழமையும் அதே தலைப்பு, அதே முதன்மைப் புத்தகம். "ஒரே புத்தகத்தைத் திரும்பப் படித்தால் சலிக்காதா?" என்று ஒரு தம்பி கேட்டார். சலிப்பு நமக்குத்தான். முதல் வாரம் பிள்ளைகள் படத்தை வெறித்துப் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் கூடவே சொல்வார்கள். மூன்றாம் வாரம் அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் பாருங்கள், சட்டையைப் பிடிப்பார்கள். பாட்டில் கேட்ட நண்டு, படத்தில் பார்த்த நண்டு, அப்புறம் உள்ளங்கையில் ஊரும் நண்டு விளையாட்டு என்று ஒரே சொல் பல வழியில் வந்து சேர்வதற்குத்தான் தலைப்பே. இல்லாவிட்டால் தலைப்பு எதற்கு, கிடைத்த கதையைச் சொல்லிவிட்டுப் போகலாமே.

தலைப்பை யோசிப்பதற்கு முன் அலமாரியைப் பாருங்கள். சிலர் தலைப்பை முதலில் அறிவித்துவிட்டு, அதற்குப் புத்தகம் இல்லை என்று கடைசி நாளில் அலைகிறார்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, பெரிய படம், இதுதான் இந்த வயதுக்கு ஏற்றது. அப்படிப்பட்டவை உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று எடுத்து மேசையில் பரப்புங்கள். மூன்று புத்தகத்தில் யானை வந்தால் அந்த மாதம் யானை. குறைந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஓரத்தைத் தைத்து வைத்திருக்கிறேன். நேஷனல் புக் டிரஸ்ட்டும் குழந்தைகளுக்கான தமிழ் நூல்களைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால் ஒரு நடை பாருங்கள். அதுவும் இல்லையா, வாயால் சொல்லுங்கள். பாட்டி வடை சுட்டதற்கும் காக்கா தூக்கிக்கொண்டு போனதற்கும் புத்தகம் எதற்கு?

தலைப்பு தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சேமிப்பு, தேசப்பற்று, சுற்றுச்சூழல் எல்லாம் நாலு வயதுக்குக் காற்றைப் பிடிப்பது போலத்தான். குடை, வாளி, பஸ், பூசணிக்காய் என்றால் கையில் கொடுக்கலாம். அதோடு, நம் மாவட்டத்து ஆண்டு எப்படி ஓடுகிறதோ அப்படியே தலைப்பும் ஓடட்டும். ஆப்பிளும் பனிமனிதனும் எங்கோ இருக்கட்டும்.

சித்திரையில் பண்ருட்டிப் பக்கமிருந்து பலா வர ஆரம்பிக்கும். ஒரு முழுப் பலாப்பழத்தைப் பாயின் நடுவில் வையுங்கள். அன்றைக்கு நீங்கள் கதை சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. முள்ளைத் தடவுவது, வாசனை பிடிப்பது, கத்திக்கும் கைக்கும் எண்ணெய் ஏன் தடவுகிறோம் என்று கேட்பது, சுளை தின்று கொட்டையை எண்ணுவது என்று அரை மணி நேரம் பறந்துவிடும். அடுத்த வாரம் முந்திரிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இது மறந்து வெளியில வெச்சிடுச்சா?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு மேல் கதை வேண்டுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கமெல்லாம் அப்பாக்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. மற்ற மாதங்களில் கதை நேரத்துக்கு ஆண்களே வருவதில்லை. போன தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரை, "அண்ணே, அந்த வலையோட ஒருநாள் வாங்க" என்று கூப்பிட்டேன். "நமக்குக் கதையெல்லாம் வராதும்மா" என்றார். வந்தார். வலையைப் பாயில் விரித்து, பிள்ளைகளை மத்தி, சங்கரா, நெத்திலி, வஞ்சிரம் என்று பிரித்து உள்ளே விட்டு, சின்ன மீன் எந்தக் கண்ணி வழியாகத் தப்பும் என்று காட்டினார். நெத்திலிகள் வெளியே ஓடின. வஞ்சிரம் மாட்டிக்கொண்டு அழுதது, வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கடல் என்ற தலைப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை நான் 'பெரிய அலை வந்தது' என்று கையை உயர்த்திக் காட்டியபோது, பேத்தியோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வெளியே போய்விட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த வீட்டில் யார் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் கையை உயர்த்தினேன். பிள்ளைகளுக்கு அது ஒன்றுமில்லை, அவர்கள் அப்புறம் பிறந்தவர்கள். ஆனால் இந்த வயதுப் பிள்ளையோடு ஒரு பெரியவரும் பாயில் உட்கார்ந்திருப்பார், கதை அவர் காதிலும் விழும். அதிலிருந்து கடலை நண்டு, சிப்பி, கிளிஞ்சல் வழியாக மட்டும்தான் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. புத்தகங்களில் மழை என்றால் காகிதக் கப்பலும் வண்ணக் குடையும் வானவில்லும். நம் பிள்ளைகளின் மழையில் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியதும், கரண்ட் போனதும், கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறியதைப் பார்க்க எல்லோரும் ஓடியதும் உண்டு. 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் வீட்டில் பேசக் கேட்டே வளர்கிறவர்கள். அதையும் சொல்ல விடுங்கள். கப்பலும் செய்யுங்கள். பழைய நாளிதழ் நூலகத்தில் குறையா?

தைப்பூசத்துக்கு நிறங்கள். வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுவார்கள் அல்லவா? கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம். தையல்காரரிடம் வெட்டுத்துணி வாங்கி ஏழு சின்னத் திரை செய்தேன். ஒவ்வொன்றாக விலக்கினால் கடைசியில் ஒரு பொம்மை யானை. வள்ளலார் வழிவந்த சன்மார்க்க அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நிறத்தின் பெயரைச் சொன்னால்தான் திரை விலகும். தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொடங்குவது எப்போதும் ஒரே கைதட்டுப் பாட்டில். அது கேட்டால் கதை ஆரம்பம் என்று தெரிந்துகொள்வார்கள். நீளமான கதையை முதலில் முடித்துவிடுங்கள், கவனம் இருப்பது அப்போதுதான். பத்து நிமிடம் போனதும் எழுப்பிவிட்டுக் குதிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களாகவே குதிப்பார்கள். அப்புறம் குட்டிக் கதை ஒன்று, கைக்கு ஒரு வேலை. புத்தகத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தால் உங்கள் தலைதான் தெரியும், பக்கவாட்டில் பிடியுங்கள்.

அப்புறம், கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். அதேபோல, "ஏபிசிடி சொல்லித் தருவீங்களா?" என்று வாசலிலேயே கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில், "இங்கே இல்லைங்க." சிலர் திரும்பிப் போயிருக்கிறார்கள், பரவாயில்லை.

பிள்ளைகள் கையில் புத்தகம் கிழியும் விஷயம்தான் கடினமானது. நூலகர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால்தான் படப்புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் என் கோரிக்கை இதுதான்: ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான புத்தகங்களில் ஆண்டுக்கு இத்தனை கிழியும் என்று ஏற்றுக்கொண்டு, அவற்றைக் கணக்கிலிருந்து கழித்து எழுத ஒரு எளிய வழி செய்துகொடுங்கள். அதுவரை நான் என் கணக்கில் தனியாக ஒரு கூடை வைத்திருக்கிறேன். வாசகர் வட்டத்தார் ஊரில் நூலகத்துக்கு நன்கொடை தரும் புரவலர்களைச் சேர்க்கும்போது, இந்தக் கூடைக்கும் நாலு புத்தகம் கேட்கலாமே. கூடை பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அலமாரியின் மேல்தட்டில் அல்ல.

இது நூலகத்தின் வேலையா, பால்வாடியின் வேலையா என்று ஒருவர் கேட்டார். கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாடமாகவே படித்திருப்பீர்கள். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பதில் வயது வரம்பு எதுவும் போடவில்லை அவர். நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அதில் இந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பணமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்காவது அரசின் வாசிப்பு இயக்கம் வந்து, நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்துப் புத்தகம் கொடுக்கிறார்கள். நம் ஆட்கள் நுழைவதற்கும் முந்தியவர்கள், தவழ்கிறவர்கள்.

எல்லா நூலகத்திலும் உடனே தொடங்குங்கள் என்று சொல்லவில்லை. தனியாளாக இருக்கும் ஊர்ப்புற நூலகர் கதவையும் பார்த்து, பதிவேட்டையும் பார்த்து, கதையும் சொல்ல முடியாது. வாசகர் வட்டத்தில் ஓய்வு பெற்ற டீச்சரோ குரல் வளம் உள்ள கல்லூரிப் பெண்ணோ இருந்தால், அவரை மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மாதம், மூன்று தலைப்பு. பிறகு பார்க்கலாம்.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், சனிக்கிழமை நாலு மணி, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில் உட்கார வேண்டியதுதான். அடுத்த மாதத் தலைப்பு பஸ். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஏறி முதுநகரில் இறங்கப் போகிறோம். பழைய பயணச்சீட்டு கொஞ்சம் சேர்த்துவிட்டேன். விசில் ஊத ஒரு நிஜக் கண்டக்டர்தான் இன்னும் அகப்படவில்லை. உங்கள் வாசகர் வட்டத்தில் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பால்வாடி டீச்சர்,
கடலூர்.