குடிபோதை வழக்கு எத்தனை வருடம் பதிவில் நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சனிக்கிழமை இரவு ஈ.சி.ஆரில் ஊதி மாட்டியவர்கள் திங்கட்கிழமை கேட்கும் முதல் கேள்வி, “இது எத்தனை வருஷம் ரெக்கார்டுல இருக்கும்?” மூன்று என்பார் ஒருவர், ஐந்து என்பார் இன்னொருவர். பணம் கட்டினால் போய்விடும் என்று சொல்ல எப்போதும் ஒரு நண்பர் இருப்பார். லைசென்ஸ் பதிவும் நீதிமன்றப் பதிவும் ஒன்றே என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது.

100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வழக்கு. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் சலான் மாதிரி சமரசக் கட்டணம் கட்டி முடிக்க வழியில்லை. அதற்கான 200-வது பிரிவின் பட்டியலில் 185 கிடையாது. ஆகவே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அந்தப் பத்தாயிரம் தண்டனைதான். “ஃபைன் மட்டும்தானே கட்டினேன்” என்று பின்னாளில் ‘தண்டனை உண்டா’ எனக் கேட்கும் படிவங்களில் ‘இல்லை’ எழுதுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

அடுத்து லைசென்ஸ். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதைப் பிரிக்காமல் அலமாரியில் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. குறைந்தது மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே அறிவுறுத்திவிட்டது. ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

குற்றத்தைப் பற்றி உரிமத்தில் ஏறும் குறிப்புக்குத்தான் (எண்டார்ஸ்மென்ட்) அந்த மூன்று வருடக் கணக்கு. 25-வது பிரிவின்படி, குறிப்பு ஏறிய பின் தொடர்ந்து மூன்று வருடம் வேறு குறிப்பு எதுவும் ஏறாமல் இருந்தால், பழைய உரிமத்தை ஒப்படைத்துக் குறிப்பில்லாத புதியது வாங்கலாம். தகுதி நீக்கக் காலம் இதில் சேராது. 2023 மார்ச்சில் குறிப்பு ஏறி ஆறு மாதம் சஸ்பெண்ட் ஆனவருக்கு 2026 செப்டம்பரில்தான் உரிமை வரும். தானாக எதுவும் அழியாது, கேட்டு வாங்க வேண்டும். சட்டத்தில் இதற்குப் போட்டிருக்கும் கட்டணம் ஐந்து ரூபாய்!

உரிமம் சுத்தமானாலும் மறுபடி மாட்டினால் ‘முதல் முறை’ ஆகாது. முன்பு, மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாம் குற்றம். 2019 திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. இப்போது பத்து வருடம் கழித்து மாட்டினாலும் 15,000 ரூபாய் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஐந்து வருடப் பேச்சு பாஸ்போர்ட் சட்டத்திலிருந்து வந்தது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கான தடை அது. அபராதத்தோடு முடிந்த வழக்கு அதில் வராது. ஆனால் முடியாத வழக்கு சிக்கல்தான். நிலுவையில் உள்ள குற்ற வழக்கே பாஸ்போர்ட்டை மறுக்கத் தனிக் காரணம். பத்தாயிரத்துக்கு யோசித்து வாய்தாவுக்குப் போகாமல் விட்டவர் போலீஸ் வெரிஃபிகேஷனில் சிக்குவதும், கட்டி முடித்தவர் தப்புவதும் இதனால்தான்.

வெளிநாட்டு விசாவில் வருடக் கணக்கே வேறு. அமெரிக்காவின் டிஎஸ்-160 படிவம் எப்போதாவது கைது அல்லது தண்டனை உண்டா என்றுதான் கேட்கிறது. கனடா 2018 டிசம்பர் முதல் குடித்து ஓட்டுவதைக் கடுங்குற்றமாக வைத்திருக்கிறது; தண்டனை முடிந்து ஐந்து வருடம் கழித்துத்தான் மறுவாழ்வு அனுமதிக்கே (பழைய குற்றத்தால் வந்த நுழைவுத் தடையை நீக்கும் அனுமதி) விண்ணப்பிக்கலாம். அங்கே நீட்ட வேண்டியது தீர்ப்பின் சான்றிட்ட நகலும் அபராத ரசீதும். வழக்கு முடிந்த வாரமே நகலுக்கு மனு போடுங்கள். வழக்குக் கட்டு ஆவண அறைக்குப் போய்விட்டால் தேடி எடுக்க அலைய வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: குறிப்பில்லாத உரிமத்துக்கு எந்தத் தேதியிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதை சஸ்பென்ஷன் ஆணையிலேயே ஒரு வரியாக அச்சிட்டுக் கொடுக்கலாமே.

– மோட்டார் வாகன வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர், புரசைவாக்கம், சென்னை