முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்: சைக்கிள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சைக்கிள் கடை நடத்துவோருக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவரிடம்தான் என் முதல் ரேஸ் சைக்கிளை வாங்கினேன். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டமான பிரெவேயில் 300 கிலோமீட்டர் ஓட்டப்போவதாகச் சொன்னேன். கடைக்காரர் வண்டியை ஒரே கையால் தூக்கிக் காட்டினார். அந்த எடையில் மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பும்போது, மரக்காணத்துக்கு அருகில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. அதன்பின் மூன்று வாரம் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினேன். பிரேம் எனக்கு ஒரு அளவு பெரியது. ஹேண்டில்பார் எட்டாமலும் தாழ்ந்தும் இருந்ததால் உடலின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி, அங்கே ஓடும் நரம்பை அழுத்தியிருக்கிறது.

பிரெவே பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முதலில் வருபவருக்குப் பரிசு கிடையாது. ஆகவே, வாங்க வருபவரிடம் "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்ந்தால் 85 கிலோ வரும். அதில் ஒரு கிலோ குறைவது நூற்றில் ஒரு பங்கு சொச்சம். அதற்காக வாடிக்கையாளர் கொட்டும் பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 23 மில்லிமீட்டர் டயரில் கல் போல் காற்றடித்தால்தான் வேகம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. வழுவழுப்பான ஓடுதளத்தில் அது சரி. நம் சாலையின் ஒட்டும் வெடிப்பும் அந்த டயரைத் துள்ள வைக்கின்றன. ஒவ்வொரு துள்ளலிலும் மிதித்த சக்தி வீணாகிறது, முதுகும் அடி வாங்குகிறது. 32 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்பிப் போவதில்லை. ஆனால் பிரேமில் இடம் இல்லாவிட்டால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. டயரையும் மட்கார்டையும் சேர்த்து இடம் இருக்கிறதா என்று விற்பதற்கு முன்பே பாருங்கள். ஐப்பசி மழையில் பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்று நீரில் ஊறிய கால்சட்டையோடு பத்து மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு மட்கார்டின் அருமை தெரியும்.

கியரும் அப்படித்தான். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது முழங்காலைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் 34 பல் என்றால் சுற்றுக்குச் சுற்று. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறிவிடும்.

என் தந்தையின் சைக்கிளில் மட்கார்டு, கேரியர், டைனமோ எல்லாம் இருந்தன. 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில், 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க இன்றும் பலர் அவற்றோடுதான் வருகிறார்கள். டைனமோ மட்டும் டயரை விட்டுச் சக்கரத்தின் நடுவுக்குப் போயிருக்கிறது. நீங்களோ அவற்றைக் கேட்பவரைப் பால்காரரா என்று பார்க்கிறீர்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஐந்தடி ஓர் அங்குலம், முதல் 200-க்காக அடுத்த மாதம் வண்டி வாங்க வருகிறாள். இருப்பில் உள்ள பெரிய பிரேமில் சீட்டை இறக்கிக் கொடுத்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்காலை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள்: 72 சென்டிமீட்டர் என்றால் பெடல் தண்டுகள் சுழலும், பிரேமின் அடியில் உள்ள அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறத்தாழ 63.6 வரும். அது தொடக்கம்தான். பிறகு ஒரு மணி நேரம் ஓட்ட விடுங்கள். கை எட்டவில்லை என்று அவள் சொன்னால், பழகிவிடும் என்று சொல்லாமல், ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றிக் கொடுங்கள். அவளுடைய அளவு கடையில் இல்லையென்றால், இல்லை என்றே சொல்லி அனுப்புங்கள். வரவழைக்கும் வரை அவள் காத்திருப்பாள்.