கேமராவை மாற்றுமுன் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடை உடைப்பு, வழிப்பறிச் செய்திகளில் ‘கண்காணிப்பு கேமரா பதிவில் முகம் தெளிவாக இல்லை’ என்ற வரி அடிக்கடி வருகிறது. படித்த கையோடு வியாபாரிகள் பலர், இருக்கிற 2 எம்பி (மெகாபிக்சல், அதாவது 20 லட்சம் புள்ளி) கேமராவைக் கழற்றிவிட்டு 5 எம்பி மாட்டச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தண்டச் செலவு. கோளாறு, படத்தைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரின் செட்டிங்கிலோ சுவரோரம் போகும் ஒயரிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும்.

டிவிஆர் மெனுவில் என்கோட் (பதிவு அமைப்பு) பக்கத்தைத் திறந்து ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி அளவைப் பாருங்கள். ‘1080என்’ என்றிருந்தால் பதிவாவது 960×1080 புள்ளிகள்தான்; முழு 1080பி என்றால் 1920×1080. அகலத்தில் சரிபாதி போய்விட்டது. விலை குறைந்த டிவிஆர்கள் பலவற்றில் இதற்கு மேல் ஏற்றவே முடியாது. நேரலையில் படம் பளிச்சென்று தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிளேபேக்கில் முகத்தைப் பெரிதாக்கும்போதுதான் குட்டு உடைகிறது. இப்படிப்பட்ட டிவிஆரில் அதற்குப் பிடிபடாத 5 எம்பி கேமராவை மாட்டினால் படம் வராது. வரவைப்பதற்காகக் கேமராவையே 1080பிக்கோ, பழைய அனலாக் மோடுக்கோ இறக்கிவிட்டுப் போவார்கள். காசு 5 எம்பிக்கு, படம் பழையபடி. மாற்றுவதானால் முதலில் டிவிஆர், பிறகுதான் கேமரா. பழைய கேமராக்கள் புதிய டிவிஆரிலும் ஓடும் என்பதால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது கரண்ட். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இரவில் விட்டுவிட்டு அணைந்தால், கேமரா போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இருட்டியதும், இரவில் படமெடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிகின்றன, கேமரா இழுக்கும் கரண்ட் கூடுகிறது, ஒயர் தாங்கவில்லை. படத்துக்கு ஒரு ஒயரும் பவர் முதலியவற்றுக்கு மூன்றும் சேர்ந்து வரும் 3+1 கேபிளில் பவருக்கு வரும் ஒயர் 0.2 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் தூரம், போக வர 120 மீட்டர். சுத்தச் செம்பாக இருந்தாலே தடை சுமார் 10 ஓம். கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் வழியிலேயே போய், 12 வோல்ட்டுக்குப் பதில் 9தான் சேரும். சந்தையில் கிடைக்கும் மலிவான கேபிளோ செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். அதில் இழப்பு இன்னும் அதிகம். பிளேடால் ஒயரைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும்.

இதை அளப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கேமராவைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். கேமரா இணைப்பில் இருக்கும்போதே, லென்ஸ் முகப்பைக் கையால் மூடி ஐஆரை எரியவிட்டு, கேமரா முனையில் அளக்க வேண்டும். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தனியாக 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுங்கள். அதே 60 மீட்டரில் இழப்பு 0.6 வோல்ட்டாகக் குறையும். கேமராக்களுக்கு 12 வோல்ட் தரும் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சிறு திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடுவது சிலரது குறுக்குவழி. தூரத்துக் கேமரா பிழைக்கும். பக்கத்தில் இருப்பதற்கு அளவுக்கு மீறிப் போகும். கேமராவுக்கு அருகிலேயே பிளக் பாயின்ட் எடுத்து அடாப்டர் போட்டால், இரண்டு இடத்து எர்த்துக்கும் வித்தியாசம் இருக்கையில் திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும். ஒயர் முழுவதையும் மாற்றத்தான் போகிறோம் என்றால் அப்போது ஐபி கேமரா (நெட்வொர்க் கேமரா), கேட்6 நெட்வொர்க் கேபிள், அதே கேபிளில் கரண்டும் அனுப்பும் பிஓஇ சுவிட்ச் என்று போவது சரி. அதிலும் கேபிள் செம்பாக இருக்கட்டும். 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

எத்தனை எம்பி என்பதைவிட எவ்வளவு அகலத்தைப் பிடிக்கிறது என்பதே கேள்வி. அறியாத ஆளின் முகத்தை அடையாளம் காண அகலத்தில் மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்றது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு. 1080பி படத்தின் அகலம் 1920 புள்ளி, வகுத்தால் 7.7 மீட்டர். 3.6 மி.மீ. லென்ஸில் இந்த அகலம் நான்கரை மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். அதற்கு அப்பால் ஆள் தெரிவார், யார் என்பது தெரியாது. 2.8 மி.மீ. லென்ஸில் தூரம் இன்னும் குறைவு. எனவே தெரு முழுவதையும் பார்க்க ஒரு கேமரா இருந்தால், வாசலை மட்டும் குறிவைத்து 6 மி.மீ. லென்ஸோடு இன்னொன்று, 8 அடி உயரத்தில் வேண்டும். 12 அடிக்கு மேல் போனால் உச்சந்தலைதான் பதிவாகும். கடைகளைக் கேமரா வைக்கச் சொல்லும் காவல் துறை, எண்ணிக்கையோடு இந்த அளவையும் சேர்த்துக் கேட்டால் விசாரணைக்கே உதவும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு எளிது. 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வேகத்தில் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி எழுதும். நான்கு கேமரா என்றால் 1 டிபி ஆறு நாள்கூட வராது. பதிவை இன்னும் சுருக்கி எழுதும் எச்.265 முறைக்கு மாற்றி 2 எம்பிபிஎஸ் வைத்தால் 11 நாள் வரும். 30 நாள் வேண்டுமென்றால் 4 டிபி போடுங்கள், டிவிஆர் அவ்வளவு ஏற்குமா என்று பார்த்துவிட்டு. இடமிருந்தும் பதிவு இல்லாமல் போகலாம். சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரண வழக்கில், 1 டிபி டிஸ்க்கில் போதிய இடமிருந்தும் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி செட்டிங் இருந்ததை 2020இல் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். உங்கள் டிவிஆரில் ‘எக்ஸ்பைர்ட் டைம்’ (எத்தனை நாளில் பதிவு அழிய வேண்டும்) என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

செல்போனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து இணையம் வழியே உள்ளே வரும் வழி) திறந்து, பாஸ்வேர்டை ‘அட்மின்’ என்றே விடும் வழக்கம் ஒழியவில்லை. 2016இல் மிராய் வைரஸ் புகுந்தது இப்படி விட்டுவைத்த டிவிஆர்களிலும் கேமராக்களிலும்தான். போர்ட்டை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, கம்பெனி தரும் புதிய ஃபர்ம்வேரை (கருவியின் உள் மென்பொருளை) ஏற்றுங்கள்.

கடைசியாக, நேரம். டிவிஆர் கடிகாரம் தள்ளிப்போனால் பதிவு நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபியை ஆன் செய்து, டைம் சோனை +5:30 என்று வையுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழையதற்கு ஓடினால் போர்டில் உள்ள பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும். ஏதாவது நடந்தால் மானிட்டரைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஃபேட்32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் டிவிஆரிலிருந்தே நேராக நகல் எடுங்கள், அன்றைக்கே. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி அந்தப் பதிவோடு ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை எனக் காட்டும் குறியீடு) குறித்த சான்றிதழும் தர வேண்டும்; அதில் கருவிக்குப் பொறுப்பானவரும் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
கண்காணிப்பு கேமரா பொருத்துநர்,
திண்டுக்கல்.