திரும்பி வந்தவர்களின் கணக்கு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

புலம்பெயர்வு ஆய்வாளர் எஸ். இருதய ராஜன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிற ஒன்றை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வெளிநாடு போனவர்களை மட்டுமல்ல, போய்விட்டுத் திரும்பி வந்தவர்களையும் அவர் வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார்.

1998ல் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து கே.சி. ஸக்கரியாவும் அவரும் கேரளப் புலம்பெயர்வு ஆய்வைத் தொடங்கியபோது 10,000 வீடுகளுக்குப் போனார்கள். ஏன் வீட்டுக்குப் போக வேண்டும், அரசிடம் கணக்கு இல்லையா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அரைகுறை. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாவது முடிக்காமல் ஈசிஆர் பாஸ்போர்ட் (குடியேற்றச் சோதனை தேவை என்று குறிக்கப்பட்டது) வைத்திருப்பவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் கிளியரன்ஸ், அதாவது அரசின் முன் அனுமதி, வாங்க வேண்டும், அந்தக் கணக்குதான் டெல்லியில் இருக்கிறது. பத்தாவது தேறியவன் அதில் வரமாட்டான். விசிட் விசாவில் ஏற்றிவிடப்பட்டவனும் வரமாட்டான். திரும்பி வருகிறவர்களை எண்ணவே எந்த ஏற்பாடும் இல்லை. வாசலில் போய் நின்று, உங்கள் வீட்டில் யார் வெளியில் இருக்கிறார்கள், போக எவ்வளவு செலவானது, மாதம் எவ்வளவு அனுப்புகிறார், யாராவது திரும்பி வந்துவிட்டார்களா என்று கேட்டால் அந்த வீட்டு அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், எந்த நகையை அடகு வைத்து அனுப்பினோம் என்பது உட்பட.

என் தம்பி 2020ல் துபாயிலிருந்து சிறப்பு விமானத்தில் வந்தான். கம்பெனி நான்கு மாதச் சம்பளம் தரவில்லை, விமானம் கிடைத்திருக்கிறது, கிளம்பு, பாக்கியைக் கணக்கில் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இறங்கிய இடத்தில் அவன் நிரப்பிய படிவத்தை அப்புறம் பார்த்தேன். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, எந்த ஊர், எந்த வார்டு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வர வேண்டிய சம்பளம் ஏதும் உண்டா என்ற ஒரு கேள்வி மட்டும் இல்லை. அந்தப் பணம் இன்று வரை வரவில்லை. வேலை செய்த நேரம் எழுதிய தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறான். அவனோடு அதே விமானத்தில் வந்தவர்களில் எத்தனை பேர் இப்படிச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள் என்று யாராலாவது சொல்ல முடியுமா? ஊதியத் திருட்டு என்று ஆய்வாளர்கள் இதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது, நமக்கு நடந்தது நம் தலையெழுத்து இல்லை என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது.

அதே 2020 செப்டம்பரில், வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை, அதாவது இதற்குக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று வைத்திருந்த அளவை, மத்திய அரசு 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. வேலை போய்விடக் கூடாது என்பதுதான் காரணமாம். எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றார்கள், சரி. ஆனால் சம்பளப் பாக்கியோடு வந்தவர்கள் இத்தனை பேர் என்று ஒரு கணக்கு மேசைமேல் இருந்திருந்தால் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட யாருக்காவது மனம் வந்திருக்குமா?

கேரளத்தைப் பாருங்கள். 2018 ஆய்வில் திரும்பி வந்தவர்கள் சுமார் 13 லட்சம், 2023 ஆய்வில் 18 லட்சம். வெளியில் இருப்பவர்கள் எண்ணிக்கையோ 21 லட்சத்திலிருந்து 22 லட்சமாகத்தான் ஏறியிருக்கிறது. போகிறவர்களைவிடத் திரும்பி வருகிறவர்கள் பக்கம்தான் பெரிய மாற்றம் என்பது இதைப் பார்த்தாலே தெரிகிறது. வெளிநாடு வாழ் கேரளத்தவருக்காக நார்க்கா என்று ஒரு தனித்துறையை அவர்கள் 1996லேயே தொடங்கிவிட்டார்கள், சந்தா கட்டிய பிரவாசிகளுக்கு (புலம்பெயர்ந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நலவாரியம் வழியாக ஓய்வூதியமும் உண்டு. அதெல்லாம் போதாது என்று அங்கே சண்டை போடுகிறார்கள், ஆனால் சண்டை போடவாவது கையில் எண் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் 2015ல் இருதய ராஜனே 20,000 வீடுகளில் இப்படி ஓர் ஆய்வு நடத்தி, சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகக் கணக்குச் சொன்னார். அதாவது கேரளத்துக்கு நாம் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் 2015 கணக்கை வைத்துக்கொண்டு கொரோனாவுக்குப் பிந்தைய தமிழ்நாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? நம் அரசும் கேரளத்தைப் போல ஐந்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் இதை நடத்த வேண்டும், பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்கி. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் கூடுதல் வீடுகளை எடுக்க வேண்டும். கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் திரும்பி வந்தவர்களிடம் சம்பளப் பாக்கி எத்தனை மாதம், எவ்வளவு, எந்த நாட்டில் என்று மூன்று கட்டங்களை மறக்காமல் சேர்க்க வேண்டும். உங்கள் இதழ் இதைத் தொடர்ந்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தேவகோட்டை வாசகர் ஒருவர்