டைகர் பிழைத்துக்கொண்டான்: ஒரு நன்றி மடல்

எங்கள் டைகர் மறுபடியும் வாசலில் நின்று மீன்கார அக்காவைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்துவிட்டான். அதற்குக் காரணமான எல்லோருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலில் ராமநாதபுரம் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவுக்கு. காய்ச்சல், வாந்தி, சோற்றை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் டைகரின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார். ஈறெல்லாம் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். "மூத்திரம் என்ன நிறம்?" என்றார். கடுங்காப்பி மாதிரி என்றோம். எலிக்காய்ச்சலாக இருக்கும், முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று, ரத்தம் எடுத்த கையோடு குளுக்கோஸ் ஏற்றி பென்சிலின் ஊசியும் போட்டார். கல்லீரல், சிறுநீரகம் இரண்டுமே அடிவாங்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

கடலில் குளித்ததால் வந்ததா என்று என் மாமியார் கேட்டார். இல்லையாம். உப்புத் தண்ணீரில் அந்தக் கிருமி அதிகம் தாக்குப்பிடிக்காது. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீர், அதில் கலந்த எலி மூத்திரம், நாயின் காலில் சின்னச் சிராய்ப்பு, இவ்வளவு போதும். வலைக் கொட்டகைகளில் எலிக்கா பஞ்சம்! வெறிநாய்க்கடி ஊசி இதற்குக் காவல் இல்லை. எலிக்காய்ச்சலும் சேர்ந்த தடுப்பூசியைத் தனியாக, வருடாவருடம் போட வேண்டும். நாய் வளர்க்கும் நம்மூர்க்காரர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்த உதவியாளர் அண்ணனுக்குத் தனி நன்றி. இது மனிதருக்கும் தொற்றும் என்று சொல்லி, கையுறை இல்லாமல் மூத்திரத்தைத் துடைக்காதீர்கள், தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். இல்லையென்றால் பிள்ளைகள் அவனைக் கட்டிக்கொண்டேதான் தூங்கியிருப்பார்கள்.

வாந்தி எடுக்கும் நாயை ஏற்ற மற்றவர்கள் தயங்கியபோது, "வண்டியைக் கழுவிக்கலாம், ஏறுங்க மதினி" என்று கொட்டும் மழையில் பாம்பன் பாலம் தாண்டிக் கூட்டிப்போன ஆட்டோ தம்பியை மறக்க முடியாது. டாக்சிசைக்ளின் மாத்திரையைத் துப்பித் துப்பி வைத்தவனுக்கு, சூடை மீனை அவித்து, முள் எடுத்து, அதற்குள் பொதித்து ஊட்டியவர் பக்கத்து வீட்டுச் சித்தி. இப்போது மாத்திரை முடிந்தும் மீனுக்காக அவர் வீட்டுப் படியிலேயே கிடக்கிறான். சித்தி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை அண்ணனுக்கும் நன்றி. கடன் சொல்லி வாங்கியதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகு கரைக்கு வந்ததும் பாக்கியைக் கொண்டுவந்து தந்துவிடுகிறோம்.