வீட்டுலயே ரோடு சைக்கிள் கட்டுறவங்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நம்ம குமரி மாவட்டத்துல வெறும் ஃப்ரேம் வாங்கி வீட்டுலயே ரோடு சைக்கிள் கட்டுற பிள்ளைங்க இருக்காங்க, ரொம்ப நல்ல விஷயம், அவங்கவங்க உடம்புக்கும் நம்ம ரோட்டுக்கும் ஏத்த மாதிரி ஹேண்டில்பாரு, டயரெல்லாம் பாத்து போட்டுக்கலாம். ஆனா கொளச்சல், முட்டம் பக்கமெல்லாம் உப்புக்காத்து இருக்குல்லா, பாட்டம் பிராக்கெட்டு, அதான் ஃப்ரேமுக்கு அடியில பெடல் சுத்துற அச்சு உள்ள பாகம், அதோட மரையில கிரீஸ் தடவாம முறுக்கிட்டா நாளாக நாளாக அப்படியே இறுகிப்போயி கழத்தவே முடியாது.

இன்னொண்ணு, அந்த பாட்டம் பிராக்கெட்டு பி.எஸ்.ஏ.ங்கிற வகை மரைன்னா, செயின் பக்கத்துல ஃப்ரேமுக்குள்ள முறுக்குற கப் இடஞ்சுழியா சுத்தினாதான் இறுகும், தெரியாம வலஞ்சுழியா அழுத்தி முறுக்கினா ஃப்ரேம் மரையே போயிரும், முதல்ல கையால சுத்திப் பாத்துட்டு பிறகு ஸ்பேனர் எடுங்க. இதையெல்லாம் நாகர்கோவில் கோணத்துல உள்ள அரசு ஐ.டி.ஐ.ல ஞாயித்துக்கிழமை ஒரு பயிற்சியா வச்சா நல்லாருக்கும், உங்க பேப்பர் வழியா கேட்டுக்கிடுதேன்.

– ஒரு வாசகர், தக்கலை